பிரீ டிகிரி இங்கிலீஷும் இரண்டு டியூஷனும்

(திருவனந்தபுரத்தில் நடந்த பிளஸ் டூ மாணவர் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"பரீட்சையில் ஜெயிப்பது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நானோ தோற்றவன். 1978-ல் பிரீ டிகிரி பரீட்சையில் இங்கிலீஷில் தோற்றேன். அதனால் தோற்பது எப்படி என்று வேண்டுமானால் பேசுகிறேன் என்று சொல்லித்தான் வந்தேன்.

குழந்தைகளுக்குப் பிரீ டிகிரி என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு வருஷமாக இருந்த ப்ரீ யூனிவர்சிடி வகுப்பை 1964-ல் இரண்டு வருஷமாக்கி இங்கே அந்தப் பெயர் வைத்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நேரே காலேஜ். பின்னால் பிளஸ் டூ பள்ளிக்கூடங்களுக்கு வந்து, 2001-க்குள் காலேஜ்களில் பிரீ டிகிரி அடியோடு நின்றுபோயிற்று. எங்கள் காலத்தில் கேரளத்தில் என்ட்ரன்ஸும் கிடையாது. பிரீ டிகிரி மார்க்கைப் பார்த்துத்தான் இன்ஜினீயரிங்குக்கு எடுப்பார்கள். நான் ஃபர்ஸ்ட் குரூப். கணக்கும் பிசிக்ஸும் நன்றாக வரும். அப்பா ஏஜீஸ் ஆபீஸில் கிளார்க். பிள்ளை ஸ்ரீகார்யத்தில் இருக்கும் இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போவான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இங்கிலீஷ்தான் எனக்குப் பயம். வீட்டில் நம் தமிழ், தெருவில் மலையாளம், இங்கிலீஷ் புஸ்தகத்தில் மட்டும். அப்பா மாசம் 15 ரூபாய் கட்டித் தம்பானூர்ப் பக்கம் ஒரு டியூட்டோரியலில் சேர்த்தார். ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சுக்கு ஏழு பேர். வாத்தியார் கெட்டிக்காரர், பழைய கேள்வித்தாள்களையெல்லாம் அலசி, இந்த வருஷம் இன்ன ஏழு கட்டுரையில் ஒன்று நிச்சயம் என்று சைக்ளோஸ்டைல் செய்து கொடுத்தார். ஏழையும் உருப்போட்டேன். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் 'ஒரு ரயில் பிரயாணம்' கமா, புல்ஸ்டாப்போடு வரும்.

பரீட்சையில் வந்தது 'கடற்கரையில் ஒரு மாலை'. எனக்குத் தெரிந்ததோ ரயில். என்ன செய்வது? சங்குமுகத்துக்கு ரயிலில் போனதாக எழுதிவிட்டேன்! ஜன்னல் ஓரத்து ஸீட், ஓடும் தென்னை மரங்கள், டிக்கெட் பரிசோதகர் எல்லோரும் வந்தார்கள். கடைசி மூன்று வரியில்தான் கடல் வந்தது. சங்குமுகத்துக்கு ரயிலே கிடையாது என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பேப்பர் திருத்தியவர் வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார்.

இதைவிட மோசம் காம்ப்ரிஹென்ஷன். அதற்கும் டியூட்டோரியலில் ஒரு யுக்தி உண்டு. கேள்வியில் இருக்கும் வார்த்தை பாராவில் எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வாக்கியத்தை அப்படியே எழுது. அன்றைக்குப் பாம்பைப் பற்றி ஒரு பாரா. பாம்பு பால் குடிக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள் என்று ஒரு வாக்கியம். அது சரியல்ல, பாம்பின் ஆகாரமே வேறு என்று அடுத்த வாக்கியம். பாம்பின் ஆகாரம் பற்றி ஆசிரியர் கூறுவது என்ன என்று கேள்வி. நான் முதல் வாக்கியத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை அப்படியே இறக்கினேன். அடுத்த வரியைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அர்த்தம் தேடியிருக்க மாட்டேன்; நான் தேடியது வார்த்தையைத்தானே.

ரிசல்ட் வந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறுக்குப் பக்கம். இங்கிலீஷில் போச்சு. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஆபீஸுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். கரமனையில் எங்கள் தெருவில் ரிடையர் ஆன இங்கிலீஷ் வாத்தியார் மாமா ஒருவர் இருந்தார். அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். ஃபீஸ் வேண்டாம் என்றார். "கண்ணுல புரை. தினம் கார்த்தால வந்து எனக்கு ஹிந்து பேப்பர் வாசிச்சுக் காட்டட்டும், போறும்" என்றார். எனக்கு மனசுக்குள் கோபம்தான். பரீட்சைக்கு மூன்று மாசம் கூட இல்லை, கிழவருக்குப் பேப்பர் வாசிக்கவா?

முதல் நாள் தலையங்கத்தைத் திணறாமல் வாசித்து முடித்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டே, "சரி, அவன் என்னடா சொல்றான்?" என்றார். நான் மறுபடி முதல் வரியை வாசித்தேன். "வாசிச்சது காதுல விழுந்தது. என்ன சொல்றான்னு நம்ம பாஷைல சொல்லு." வாய் திறக்க முடியவில்லை. ஒரு பாராவுக்கு ஒரு வாக்கியம், தமிழில், அவ்வளவுதான் கேட்டார். அதற்கே பத்து நாள் ஆயிற்று. ஆனால் எங்கே பிறருடைய கருத்தைச் சொல்லுகிறான், எங்கே தன் கருத்துக்குத் திரும்புகிறான் என்பது மெல்லப் பிடிபட்டது. 'ஆனால்' என்ற வார்த்தை வந்தால் குரலை உயர்த்தி வாசிக்கச் சொல்வார். அதற்கப்புறம்தான் தமிழில் சொன்னதை இங்கிலீஷில், மூன்றில் ஒரு பங்காக, வார்த்தையை எண்ணி எழுதச் சொன்னார். நாம் பேசுவது தமிழா மலையாளமா என்று மதுரை, கும்பகோணம் பந்துக்கள் கேலி செய்வார்கள். அந்தக் கலப்படத் தமிழில்தான் எனக்கு இங்கிலீஷ் புரிய ஆரம்பித்தது!

கட்டுரைக்கு அவர் தலைப்பே தரவில்லை. ஆற்றங்கரைக்குப் போ, வந்து பதினைந்து வாக்கியம் எழுது என்பார். நான் எழுதியதை என்னையே படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "இதை நீ பார்த்தியா?" என்பார். இல்லையென்றால் அடித்துவிட வேண்டும். முதல் தடவை பதினைந்தில் நாலு மிஞ்சியது. சாலை பஜாருக்கு அனுப்பியபோது ஒன்பது.

செப்டம்பரில் பாஸ் செய்தேன். ஆனால் இன்ஜினீயரிங் அட்மிஷன் முடிந்துவிட்டிருந்தது. பிற்பாடு பி.எஸ்ஸி. படித்து பாங்கில் சேர்ந்தேன். அந்தப் பரீட்சையிலும் கட்டுரையும் பிரஸியும் இருந்தன, சிரமப்படவில்லை. அப்பாவுக்கு வருத்தம் கடைசிவரை இருந்தது. எனக்கும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், என் பேத்தி சிங்கப்பூரில் ஏ லெவல் படிக்கிறாள். அங்கே ஜெனரல் பேப்பர் என்று ஒன்று. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை, இன்னொரு ஒன்றரை மணியில் காம்ப்ரிஹென்ஷன். அதில் சுருக்கத்தைச் சொந்த வார்த்தையில்தான் எழுத வேண்டும். டியூஷனில் மாதிரிக் கட்டுரைகள் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்குச் சைக்ளோஸ்டைல் மை வாசனை வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எனக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டுகிறாள். "என்னடி சொல்றான்?" என்று கேட்கிறேன். "தாத்தா, போன்ல கேட்டா அரை நிமிஷத்துல சுருக்கிக் குடுத்துடும்" என்கிறாள். குடுக்கும், பரீட்சை ஹாலில் போனை யார் விடப்போகிறார்கள் என்றேன்.

இங்கே இருப்பவர்களில் சிலர் சி.யு.இ.டி. எழுதுவீர்கள். 2022-ல் வந்த பரீட்சை. அதிலும் இங்கிலீஷ் எடுத்தால் பத்தியைப் படித்து விடை சொல்ல வேண்டும், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. என்னுடைய பால் குடிக்கும் பாம்பு அந்த நாலில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், ஜாக்கிரதை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் அது இல்லாமல் கரையேறியிருக்க முடியாது. சேர்க்கும் முன் ஒரு நாள் வாசலில் நின்று கேளுங்கள், யார் பேசுகிறார்கள் என்று. ஒரு மணி நேரமும் வாத்தியார் குரல்தான் கேட்கிறதென்றால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு முதல் நாலு மணிக்கு இதே ஹாலில் இருப்பேன். ஆறேழு பேர் வந்தால் போதும், ஃபீஸ் கிடையாது. அன்றைய இங்கிலீஷ் பேப்பர் ஒன்று கொண்டு வாருங்கள். போன வருஷம் எனக்கும் கண் ஆபரேஷன் ஆயிற்று, வாசிப்பதெல்லாம் நீங்கள்தான். காப்பிக்குக் காரியதரிசி ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.