குருதி புகட்டும் பாடம்

 

கல்விக்கென எழுந்த இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் அறிவியல் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்தீர்கள். நம் உடலில் இரவும் பகலும் ஓயாது உழைக்கும் குளோபின் என்னும் புரதக் குடும்பத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

பிராணவாயு நீரில் மிகச் சிறிதளவே கரையும். எனவே, குருதி வெறும் நீராக இருப்பின் நம் உடலின் தேவைக்குப் போதாது. இக்குறையைத் தீர்ப்பது சிவப்பணுக்களில் நிறைந்துள்ள ஹீமோகுளோபின். ஒரு சிவப்பணுவில் மட்டும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு புரதச் சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஓர் இரும்பு அணு. பிராணவாயுவைப் பற்றிக்கொள்வது அவ்விரும்பே.

இங்கே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நான்கு இடங்களுள் முதலிடத்தில் பிராணவாயு அமர்வதுதான் கடினம். அது அமர்ந்தவுடன் மூலக்கூறின் வடிவமே சற்று மாறி, அடுத்து வருவனவற்றிற்கு வழி எளிதாகின்றது. நம் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் பட்ட பாட்டை அறிந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பெற்றதை ஹீமோகுளோபின் தன்னிடமே வைத்துக்கொள்வதுமில்லை. உழைக்கும் தசையில் கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் மிகும். அங்கேதான் அது தன் சுமையை மிகுதியாக இறக்குகின்றது. டென்மார்க்கு அறிஞர் கிறிஸ்டியன் போர் 1904-ஆம் ஆண்டில் கண்ட உண்மை இது. தசை அணுக்களில் உள்ள மயோகுளோபின் பிராணவாயுவைச் சேமித்து வைக்கின்றது. திமிங்கலம் நெடுநேரம் நீரில் மூழ்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நரம்பணுக்களிலுள்ள நியூரோகுளோபின் 2000-ஆம் ஆண்டிலேதான் அறியப்பட்டது.

ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டவர் வியன்னாவில் பிறந்த மாக்ஸ் பெரூட்ஸ். 1937-இல் கேம்பிரிட்ஜில் இவ்வாய்வைத் தொடங்கினார். 1938-இல் ஆஸ்திரியாவை இட்லர் கைப்பற்றினான். பிறந்த நாட்டில் யூத மரபினர் என்னும் இழிவு. புகுந்த நாட்டில் பகைநாட்டார் என்னும் ஐயம். 1940-இல் பிரிட்டிஷ் அரசு அவரைக் காவலில் வைத்துக் கனடாவுக்கு அனுப்பியது. முள்வேலிக்குள்ளும் தம்மொத்த அறிஞர்களைக் கூட்டி வகுப்புகள் நடத்தினார் அவர். விடுதலைக்குப்பின் ஆய்வைத் தொடர்ந்து, 22 ஆண்டு உழைப்பின் பயனாக 1959-இல் அவ்வடிவத்தைக் கண்டார். மயோகுளோபினை ஆராய்ந்த ஜான் கெண்ட்ரூவுடன் 1962-இல் நோபல் பரிசும் பெற்றார்.

அன்புக்குரியவர்களே! காலை வழிபாட்டில் மயங்கிச் சாயும் பெண் குழந்தைகளை நான் கண்டிருக்கின்றேன். ‘இவளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். குறை அறிவில் இல்லை, குருதியில். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். கருவுறாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைதல் ஆகாது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை எறிந்துவிடாதீர்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நெல்லிக்காயும் உண்ணுங்கள். நம் முன்னோர் உண்டதைப் பிறர் இழித்துப் பேசியதுண்டு. ஆயினும் இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு உடலில் எளிதிற் சேரும் என்பதே அறிவியல். வீட்டில் இறுதியாக உண்பவள் பெண் என்னும் வழக்கம் இன்றோடு ஒழியட்டும்.

இளைஞர்களே! முதலிடத்தில் அமர்ந்து வழிதிறந்தவர்கள் இம்மேடையில் இருக்கின்றார்கள். நீங்களும் அமருங்கள். பெற்ற கல்வியைத் தேவை மிகுந்த இடத்தில் இறக்கி வையுங்கள். அதுவே குருதி நமக்குப் புகட்டும் பாடம்.