ஓர் ஆசிரியர், பல பள்ளிகள்



இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளை வைத்தவர் ஓர் ஆசிரியர். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினால்தான் அவருக்கு மரியாதை.

ஒசூர் சாலையில் நின்றால் சந்தாபுரா நகரம். ஆனேக்கல் பக்கம் திரும்பினால் கிராமப் பள்ளிகள். காது கேளாத பிள்ளை ஒரு பள்ளியில் ஒன்று, பார்வை குறைந்த பிள்ளை அடுத்த ஊரில் ஒன்று என்று சிதறியிருந்தால், பள்ளிக்கொரு சிறப்பாசிரியர் வைப்பது கடினம். அதனால் கர்நாடகத்தில் தாலுகா வள மையத்தின் 'பி.ஐ.இ.ஆர்.டி.' எனப்படும் உள்ளடக்கிய கல்வி வள ஆசிரியர்களும், தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்களும் பள்ளி பள்ளியாகப் போய்வருகிறார்கள்.

பல பள்ளிகள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் இந்த யோசனை புதிதல்ல. நியூயார்க் மாநிலம் 1948இல் கூட்டுறவுக் கல்வி வாரியங்களை ஏற்படுத்தியது. சிறு கிராமப் பள்ளி மாவட்டங்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. இங்கே 1964-66 கோத்தாரிக் குழு, பக்கத்துப் பள்ளிகளை ஒன்றாக இணைக்கும் பள்ளி வளாகங்களைப் பரிந்துரைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அதை மறுபடி எடுத்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. போதிய ஆசிரியர் கிடைக்கும்வரை ஒருவரே பல பள்ளிகளுக்குப் போய்வரலாம் என்றது. அது இடைக்கால ஏற்பாடு. நம் ஊரில் இடைக்காலத்துக்கு ஆயுசு கெட்டி என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒரு சின்னப் பொருளைக் காட்டிச் சொல்கிறேன். காதொலிக் கருவியின் பொத்தான் பேட்டரி, நாள் முழுதும் போட்டிருந்தால் ஒன்றிரண்டு வாரந்தான் தாங்கும். சிறப்பாசிரியர் மாதம் ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தபின் அந்தக் கருவி காதுக்கு அடைப்பான். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்ததும் போச்சு. பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும். 'சாதுப் பிள்ளை' என்று பெயரும் வாங்கும்.

இதைச் சரிபார்க்கப் பட்டம் வேண்டாம். காலையில் கருவியை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். 'கீ' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் வேலை செய்கிறது. வராவிட்டால் புதுப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றாட வைத்துப் போட்டுப் பாருங்கள். வகுப்பாசிரியருக்கும் அம்மாவுக்கும் சிறப்பாசிரியர் இதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனால், அவர் போன பிறகும் பாடம் நடக்கும்.

அந்த அம்மா வீட்டில் தமிழ் பேசுபவராக இருக்கலாம், பள்ளி கன்னடம். பேச்சுப் பயிற்சி வீட்டு மொழியிலும் தொடர வேண்டுமென்றால், சிறப்பாசிரியர் அந்த அம்மாவோடு அரைமணி நேரம் உட்கார வேண்டும். எத்தனை பள்ளிக்குப் போனார் என்று மட்டும் எண்ணும் பதிவேட்டில் அந்த அரைமணிக்குக் கட்டமில்லை. அந்தக் கட்டத்தைப் போடச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அடுத்த பள்ளி மேம்பாடு, கண்காணிப்புக் குழு (எஸ்.டி.எம்.சி.) கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிறப்பாசிரியர் வராத நாளில் பேட்டரியை யார் மாற்றுகிறார்?"