தடத்துக்கு வெளியே நின்றவர்



ஊர்காவற்றுறைக்கோ குறிகட்டுவானுக்கோ படகேறினாலன்றிப் பெரிய சந்தை எதையும் எட்ட முடியாத அனலைதீவிலே புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தும், அது கைகொடாத காலத்தில் கடல் கடந்து கொழும்பு முதலிய நகரங்களில் கடை வைத்தும், பிற்காலத்தில் கனடா வரை சென்றும் பிழைத்த மக்களுக்கு, முதலைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் வானொலி வழியாக ஒருவன் புதிதாகச் சொல்வதற்கு அதிகம் இராது. ஆகையால், வியாபாரத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாதவர்போலத் தோன்றும் ஒருவருடைய வித்தையை இன்று மதிப்பிட எண்ணுகிறேன். அவர் ஓட்டப் பயிற்றுநர் ஓ. எம். நம்பியார், யாழ்ப்பாணத்துப் புகையிலையை ஒரு காலத்தில் விரும்பி வாங்கிய மலையாள தேசத்தவர்.

1976ஆம் ஆண்டு கேரள அரசாங்கம் பெண்களுக்கென்று ஒரு விளையாட்டுப் பிரிவைக் கண்ணூரில் ஆரம்பித்தபோது, தெரிந்தெடுக்கப்பட்ட 40 சிறுமிகளுள் பய்யோலியிலிருந்து வந்த 12 வயது பி. டி. உஷாவும் ஒருத்தி. விமானப் படையில் இருந்த நாளில் தாமும் ஓடியவராய், பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் கல்வி பெற்றவராய் இருந்த நம்பியாரின் கவனத்தைக் கவர்ந்தவை, அவரே பின்னாளில் தெரிவித்தபடி, அந்தச் சிறுமியின் மெலிந்த தேகமும் விரைந்த நடையுந்தான். நாம் கடைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழைப் புரட்டுகிறோம். இன்னாருடைய மருமகன் என்று யாராவது சொல்லிவிட்டால் அதையும் புரட்டுவதில்லை. வந்தவன் வாசற்படி ஏறும்போது எப்படி நடந்து வந்தான் என்று பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அவருடைய சாமர்த்தியம் முழுமையாகப் பிரத்தியட்சமானது வேறோரிடத்தில். 1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றர், 200 மீற்றர் இரண்டிலும் வெள்ளிப் பதக்கம் பெற்று உஷா கீர்த்தியடைந்திருந்தார். கைகண்ட சரக்கை விட்டுவிட எந்த வியாபாரிக்கும் மனம் வராது. நம்பியாரோ, ஆசியாவில் பரிசு தந்த அதே ஓட்டங்கள் உலக அரங்கில் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பட்சபாதமின்றிக் கணக்கிட்டவராக, 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று முதல்முறையாகச் சேர்க்கப்பட்ட 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்துக்குத் தம் சிஷ்யையைத் திருப்பினார். நெடுங்காலம் ஓடிப் பழகியவர்கள் இடம் பிடித்து வைத்திராத ஒரு பந்தயத்தில், சிறந்த வேகமும் நீண்ட எட்டும் உடைய ஒருத்திக்கு இடம் கிடைக்கும் என்பது அவருடைய அனுமானமாக இருந்திருக்க வேண்டும். துணிச்சல் என்று இதைச் சொல்வாருண்டு. என் அபிப்பிராயத்தில் இது துணிச்சலைவிட அபூர்வமான குணம், தான் வென்ற இடத்தையே சந்தேகத்தோடு பார்க்கும் நிதானம்.

அரையிறுதியில் உஷா முதலாவதாக வந்தார். இறுதி ஓட்டத்தில், மொரொக்கோவின் நவால் எல் முத்தவாக்கில் தங்கமும் அமெரிக்காவின் ஜூடி பிரவுண் வெள்ளியும் பெற, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41 செக்கன், உஷாவின் நேரம் 55.42 செக்கன் என்று கடிகாரம் காட்டியது. நூற்றில் ஒரு செக்கனிலே பதக்கம் போய்விட்டது என்று இந்தியா முழுவதும் புலம்பியது. அந்தப் புலம்பல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதே எண்ணை ஐந்தொகை பார்ப்பவனுடைய கண்ணால் பார்த்தால், முதல் எட்டுப் பேருள் ஒருத்தியாக நின்று நான்காமிடம் எடுத்திருக்கிறாள், எடுத்த வழி பிழையில்லை என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. மறுவருடம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் பெற்றார். 1986இல் சியோல் ஆசிய விழாவில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும். ஒரு தீபாவளி வியாபாரம் கெட்டதென்று அந்தச் சரக்கையே மூலையில் போட்டுவிடும் முதலாளிமார் இந்த இரண்டு வருடக் கணக்கைச் சிரத்தையோடு படிக்கலாம்.

1985இல் இந்திய அரசாங்கம் பயிற்றுநர்களுக்கென்று ஏற்படுத்திய துரோணாசாரியார் விருதை முதன்முதலில் பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர். இந்த விருதுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஏகலைவனை மறந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எட்ட நின்று வித்தை கற்றவன் தன் பிரிய சிஷ்யனை விஞ்சிவிடுவான் என்று கண்டதும் கட்டைவிரலைக் கேட்ட ஆசாரியரல்லவா துரோணர்? அந்த வகை ஆசாரியர்கள் வியாபார உலகத்திலும் உண்டு. தீவுப்பகுதி முதலாளிமார் ஊரிலிருந்து பெடியன்களைக் கூட்டிப்போய், கடையிலேயே சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, தராசு பிடிப்பதிலிருந்து பேரேடு எழுதுவதுவரை பழக்கிய வழக்கம் நம் நினைவுக்கு எட்டியதே. அவர்களுள் உத்தமமானவர்கள், பழகியவன் தனிக்கடை வைக்கப் புறப்பட்ட அன்று தாங்களே முன்னின்று கடனுக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கொள்முதல் செய்யும் இடத்தைக் கடைசிவரை சொல்லிக் கொடுக்காமல், பெடியன் நரைத்த பிறகும் அவனைப் பெடியனாகவே வைத்திருந்தார்கள். பயிற்றுநருக்கு இந்த இரண்டாவது வழி அடைபட்டிருக்கிறது. துப்பாக்கி வெடித்த பிறகு அவர் தடத்துக்குள் கால் வைக்க முடியாது. தமக்குத் தெரிந்தது அனைத்தையும் அதற்கு முன்னரே கொடுத்துத் தீர்த்தாக வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொண்டது எதுவோ அது அவருக்கும் பயன்படாது. முதலாளிக்கோ எந்த நேரமும் உள்ளே புகுந்து தராசைத் தானே பிடுங்கிக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது. கெடுதலும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

நம்பியாரின் முறையில் குறை இல்லாமலில்லை. ஒருத்தியின் கால்களை நம்பிய பிரயாசை அது. 1988 சியோல் ஒலிம்பிக்கை ஒட்டி உஷாவுக்குக் குதிகால் உபாதை வந்ததும் அத்தனையும் ஆட்டம் கண்டது. ஒரே வாடிக்கைக்காரரை நம்பித் தொழில் நடத்துகிறவருக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நம்பியாருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது; அவ்வருடம் ஓகஸ்டிலேயே, 89ஆம் வயதில், அவர் காலமானார். அதற்கு வெகு காலம் முன்னரே, 2002இல், உஷா ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிக் கேரளத்துக் கினாலூரில் நடத்திவந்தார். அங்கே பழகிய டின்டு லூக்கா 2014இல் இஞ்சியோன் ஆசிய விழாவில் 800 மீற்றரில் வெள்ளியும், 2015இல் வூஹானில் நடந்த ஆசியப் போட்டியில் அதே தூரத்தில் தங்கமும் பெற்றார். 400 மீற்றரில் பெயரெடுத்த ஆசிரியை, தம்முடைய பந்தயத்திலேயே தம்மைப்போல் இன்னொருத்தியை உண்டாக்க முயலாமல், அந்தப் பெண்ணின் கால்களுக்குப் பொருந்திய வேறொரு தூரத்தில் அவளை ஓடவிட்டிருந்தார்.