ஓட்டல் பேயும் அணைக்கட்டுப் பேயும்

(கம்பத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

முசூரி மலையில் பேய் உலாவும் ஓட்டலுக்குப் போனீர்களாமே, பேயைக் கண்டீர்களா என்று கேட்கின்றீர்கள். போனோம். 1902-ல் திறந்த சவாய் ஓட்டல் அது. 1911-ல் அங்கே பிரான்சஸ் கார்னெட்-ஓர்ம் என்னும் வெள்ளைக்காரச் சீமாட்டி புருசிக் அமிலம் என்ற விஷத்தால் மாண்டு கிடந்தார். தோழி மீது வழக்கு நடந்து விடுதலையாயிற்று. கொன்றவர் யாரென்று தெரியாமற் போகவே, சீமாட்டியின் ஆவி தாழ்வாரத்தில் அலைகின்றதென்று கதை கட்டிவிட்டார்கள். இரவில் அங்கே நடந்து பார்த்தோம். குளிரடித்தது, பழைய பலகை கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

சரி, நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டுகையில் காட்டுக் காய்ச்சலாலும் காலராவாலும் நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் நம் நெல் விளைகின்றது. செத்த கூலிகளில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? அகால மரணமெல்லாம் பேயாகுமென்றால் லோயர் கேம்ப்பில் மனிதன் கால் வைக்க இடமிருக்குமா? சீமாட்டி செத்தால் பேய், கூலி செத்தால் ஒன்றுமில்லையா? பேயிலுமா மேல், கீழ்?

அணை முடிந்து இரண்டே வருஷத்தில், 1897-ல், ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் நாமோ சென்ற மாதம் பக்கத்துக் கிராமத்தில், குளிர்காய்ச்சலில் பிதற்றிய பெண்ணைக் கோடாங்கி முன் உட்காரவைத்து உடுக்கடிக்கக் கண்டோம். சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பிழைத்தாள். கோடாங்கிக்குக் கொடுத்த சேவல்தான் திரும்பவில்லை.