டீசல் வண்டியின் புகை

வண்டி திணறுகிறது, இழுவை குறைகிறது என்றவுடன் பட்டறைக்கு விரைகிறோம். மொழி நன்கு பழகாத ஊரில் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். அதற்கு முன், வீட்டு வாசலிலேயே நாம் பார்க்கத்தக்கது ஒன்று உண்டு. அதுவே புகையின் நிறம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று, டீசல், அழுத்தம் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் ஓட்டம் கெடும்.

கரும்புகை வருமாயின், முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி அடைத்துள்ளதா என்று காண்போம். வடநாட்டுக் குளிர்காலக் காலையில் வெண்புகையோடு திணறினால், டீசல் முழுதும் எரியவில்லை. எஞ்சினைச் சூடேற்றும் குளோ பிளக்குகளைச் சோதிக்கவேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நில்லாவிடில், ரேடியேட்டர் நீர் உட்கசிகிறதோ என்று ஐயுறவேண்டும். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். புகையே இன்றித் திணறினால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிடலாம்.

ஆயினும் இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய்களை நாம் தொடலாகாது. இக்கால வண்டிகளில் அங்கு அழுத்தம் 1000 பாருக்கும் மேற்படும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். அவ்வேலை கைதேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது. குறை இன்னதென்று ஓரளவு அறிந்து செல்பவரிடம் வேண்டாத செலவைச் சுமத்துதல் எளிதன்று.