பிழைக்கச் சென்றோரின் மனநலம்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மனநலம். அதிலும் சொந்த மண்ணை விட்டு வேற்று மண்ணிற்குப் பிழைக்கச் சென்றோரின் மனநலம். இது கல்விக்குப் புறம்பானதன்று. நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மூணாறு, பீர்மேடு மலைகளுக்கும் சென்றனர். நம் தாய்மார் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளிச் சாலைகளில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். நம் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணிப் பார்க்கிறோம். அவர்கள் உள்ளத்தை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஊரைப் பிரிந்தவனுக்கு வரும் ஏக்கத்தை ஒரு நோயென்று மருத்துவ நூலில் முதன்முதல் எழுதியவர் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர். 1688ஆம் ஆண்டில், அயல்நாடு சென்ற தம் நாட்டார் உறக்கமும் உணவும் இன்றி மெலிவதைக் கண்டு அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். பின்னர் 1932இல் நார்வே நாட்டு மருத்துவர் ஒடேகார்ட், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற் குடியேறிய நார்வேக்காரரிடையே மனச்சிதைவு நோய், தாய்நாட்டில் இருந்தோரைக் காட்டிலும் மிகுந்திருப்பதை எடுத்துக் காட்டினார். இதற்கு அவர் கூறிய காரணம், நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பினரே ஊரை விட்டுப் புறப்படுகின்றனர் என்பதாகும்.

இக்கருத்து நம்மிடையேயும் உண்டு. வெளியூர் சென்றவன் மனம் பேதலித்துத் திரும்பினால், 'அவன் மனத்திடம் இல்லாதவன்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அது பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் குடியேறிய மேற்கிந்தியத் தீவினரிடையே மனச்சிதைவு மிகுந்திருப்பது பல ஆய்வுகளிற் காணப்பட்டது. ஆனால் அத்தீவுகளுக்கே சென்று கணக்கெடுத்தபோது அத்தகைய மிகுதி அங்கே இல்லை. ஆகவே அது அவர்கள் குருதியில் இருந்த குறையன்று. மேலும், குடியேறியோர் அங்கே பெற்று வளர்த்த பிள்ளைகளிடமும் நோய் குறையவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான கட்டுரையொன்று, குடியேறியோர்க்கு அந்நாட்டு மக்களைப் போல் 2.7 மடங்கும், அவர்தம் பிள்ளைகளுக்கு 4.5 மடங்கும் இந்நோய் வரும் வாய்ப்பு இருப்பதாகக் கூறிற்று. கடலைக் கடவாத பிள்ளைக்கு நோய் எங்கிருந்து வந்தது? பயணத்திலிருந்து வந்ததன்று, வாழும் இடத்திலிருந்து வந்தது. தன் இனத்தார் பலர் சூழ வாழ்பவனைவிட, அயலார் நடுவே தனித்து வாழ்பவனுக்கே நோய் மிகுதி என்று இலண்டனிலும் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் செய்த ஆய்வுகள் கண்டன. தனிமையும், இழிவாக நடத்தப்படுதலும், 'நீ எங்களவன் அல்லை' என்று நாள்தோறும் உணர்த்தப்படுதலும் மனத்தை அரிக்கும் என்பதே இவற்றின் சாரம்.

ஒன்றை மறவாது கூறுதல் வேண்டும். மடங்குக் கணக்கைக் கேட்டு அஞ்சிவிடலாகாது. மனச்சிதைவு எங்கும் ஒரு சிலருக்கே வருவது. பிழைக்கச் சென்றோரில் மிகப்பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். பலர் உறுதி மிக்கவர். நாம் பேசுவது எஞ்சிய சிலரைப் பற்றி. அந்தச் சிலர் நம் வீட்டிலும் இருக்கலாம்.

இனி நம் மக்களின் வரலாற்றைப் பார்ப்போம். இலங்கை மலையகத்தைத் தம் உழைப்பால் பசுமையாக்கியவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். அந்நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சியோரை 1974இல் மற்றோர் ஒப்பந்தம் பங்கிட்டது. தந்தை ஒரு நாட்டுக்கும் மகன் மறுநாட்டுக்கும் உரியராகிப் பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னாருக்கு அவர்களைச் சுமந்து சென்ற ரயிலுக்குத் தோட்ட மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பிற இடங்களுக்கும் சென்ற அவர்கள் தாயகத்தில் என்ன பெயர் பெற்றனர்? அங்கே 'கள்ளத்தோணி', 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. இரு நாட்டிலும் அயலான். தாயகம் திரும்பியோர் என்று அரசு ஏட்டில் எழுதப்பட்டவருக்குத் தாயகமே வேற்று நாடாயிற்று. இலங்கையில் எஞ்சிய நாடற்றோரின் குறை சட்டத்தால் நீங்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு மனிதன் தான் எந்நாட்டான் என்று அறியாமலே பிறந்து, உழைத்து, இறந்துவிடப் போதுமான காலம் அது.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தைச் சேர்ந்தன.  அங்கே ஏலக்காய் பறிக்கும் நம் பெண்டிரைப் 'பாண்டி' என்று இழித்துரைப்பாரும் உளர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பூசல் முற்றியபோது, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அச்சுறுத்தப்பட்டு, கைக்குழந்தைகளோடு காட்டுப் பாதைகளில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. பூசல் தணிந்தது, மீண்டும் மலையேறினர். ஆனால் நேற்று விரட்டிய இடத்தில் இன்று கூலிக்கு நிற்பவரின் நெஞ்சில் உறக்கம் எளிதில் வருமா? 2020 ஆகஸ்டு 6இன் இரவில் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய எழுபது தமிழ் உயிர்களைக் கொண்டது. உயிர்தப்பியோருக்கு மழை ஒலியே அச்சமாதல் இயல்பு. அது கோழைத்தனமன்று, பேரிடர் கண்ட மனத்தின் காயம்.

ஆனால் 'போகாதீர்' என்று நாம் கூறவில்லை. நம்மவர்க்குச் சொந்த ஊர் எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஊருக்கு ஒதுக்கமாய்க் குடியிருந்தவனுக்கு, கூலி கையில் கிடைக்கும் வேற்றிடம் பல நேரம் மூச்சு விடும் இடமாயிற்று. இதற்குச் சான்று அண்ணல் அம்பேத்கரே. 1913 முதல் அமெரிக்காவிலும் பின்னர் இலண்டனிலும் கற்ற காலத்தில், தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவே தம் மனத்தை விட்டு அகன்றிருந்ததாக அவர் எழுதியுள்ளார். 1917இல் தாய்நாடு திரும்பிப் பரோடா அரசில் பணியேற்றபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கினார். ஆளரவமற்ற அந்த இருண்ட மாடியில், பேச ஒரு மனிதர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கியதையும் நூல்களிற் கவலையை மறந்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். சில நாட்களில் தடி ஏந்தி வந்தோர் அவரை வெளியேற்றினர். அத்துணைப் பேரறிஞரையே தனிமையும் அவமதிப்பும் வாட்டின என்றால், நம் பிள்ளைகள் வாடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே நாம் கற்கும் உண்மை இது: தூரம் மட்டும் மனத்தைக் கெடுப்பதில்லை, துணையின்மையும் மதிப்பின்மையுமே பெரிதும் கெடுக்கின்றன. சாதியும் கடல் கடந்து செல்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. எனவே அயல்நாட்டில் 'நம் ஊரார்' என்று நெருங்கிய பின், சாதி கேட்டு விலகும் தமிழனால் நம் இளைஞன் படும் புண் இரட்டைப் புண்ணாகும்.

இந்நோய் எவ்வாறு வெளிப்படும்? 'எனக்கு மனச்சோர்வு' என்று எவரும் சொல்லி வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, தீராத தலைவலி, வயிற்று எரிச்சல், உறக்கமின்மை என்று உடலின் மொழியிலேயே மனம் பேசும். பெற்றோர் மலைத்தோட்டத்தில் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளை திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று சுருண்டு கிடப்பதை ஆசிரியராகிய நாம் வகுப்பறையிற் காண்கிறோம். வெளிநாட்டிலிருந்து அடிக்கடி பேசிய மகன் பேச்சைக் குறைப்பான்; குடி மிகும்; 'நான் இருந்து என்ன பயன்' என்பான். இவை அடையாளங்கள்.

இவற்றைப் பேய் என்றும் செய்வினை என்றும் கொண்டு நம் மக்கள் அலைகின்றனர். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட இயலாது மாண்டனர். அதை நாம் மறத்தலாகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மனநல மருத்துவத்தை ஒவ்வொரு குடிமகனின் உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாது, கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதிப் பேணச் சொல்கிறது.

சங்கத்தின் இளைஞர்களிடம் நாம் வேண்டுவன ஐந்து.

முதலாவது, பிழைக்கச் சென்றோரின் ஏடு ஒன்று வைப்போம். யார், எங்கே, யாருடன் தங்கியுள்ளார் என்று குறிப்போம். ஒரே நகரில் இருப்போரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்வோம். தனிமைக்கு மருந்து துணையே.

இரண்டாவது, வெளிநாடு செல்பவர் ஒப்பந்தத்தைப் படித்தறிந்து, அதன் படியையும் கடவுச்சீட்டின் படியையும் வீட்டில் வைத்துச் செல்லச் செய்வோம். கடனும் ஏமாற்றமும் மனநோய்க்கு வாயில்கள்.

மூன்றாவது, பேசும்போது பணத்தை முதலிற் கேளாதிருப்போம். 'சாப்பிட்டாயா, உறங்கினாயா, யாரோடு பேசினாய்' என்று கேட்போம். சாவை நினைக்கிறாரோ என்று ஐயம் எழுந்தால் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்நினைவு புதிதாக வந்துவிடாது, பாரம் இறங்கும்.

நான்காவது, பூச்சிக்கொல்லியை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாகாது. பூட்டி வைத்தல் வேண்டும். இலங்கையில் 1995ஐ ஒட்டித் தற்கொலைகள் உச்சத்தில் இருந்தன. கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் அவை பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஒரு வேகத்தில் எழும் எண்ணத்துக்கு நஞ்சு கைக்கு எட்டாவிடில் உயிர் பிழைக்கும். ஏலத்தோட்டமும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த நம் பள்ளத்தாக்குக்கு இது மிகப் பொருந்தும்.

ஐந்தாவது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2022இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தொடங்கிய மருந்தை, நலம் தோன்றியவுடன் தாமாக நிறுத்தலாகாது.

இவற்றோடு மற்றொன்று. திரும்பி வருவோரை வரவேற்கும் முறை மாறுதல் வேண்டும். பெட்டியோடு வருபவனை வாசலில் நின்று எதிர்கொள்ளும் நாம், வெறுங்கையோடு வருபவனைத் திண்ணையில் நிறுத்துகிறோம். அயல்நாடு அவனை ஒரு முறை அயலானாக்கியது. நாமும் மறுமுறை ஆக்கலாமா? தீண்டாமையின் கொடுமையை அறிந்த சமுதாயம், மனம் நொந்து வந்தவனைத் தீண்டத்தகாதவனாக்குதல் தகாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகள் ஊரை விட்டுப் புறப்பட்டுப் போகக் கல்வியென்னும் வழித்துணையை இச்சங்கம் அளித்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், சென்ற இடத்தில் அவர்கள் உள்ளம் உடையாதிருக்கவும், உடைந்தால் திரும்பி வந்து சாய ஒரு தோள் இருக்கவும் இச்சங்கம் பாடுபடுமாக.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!