அமெரிக்கக் கார்களும் 425 குதிரைகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா பேசு, ஆனா யாரும் தூங்காம பாத்துக்கோ" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொல்லிவிட்டார். நான் பிழைப்பு நடத்துவது ஒரு என்ஜின் சோதனைக் கூடத்தில். நாள் முழுக்க டைனமோமீட்டர், எக்ஸாஸ்ட் புகை, பக்கம் பக்கமாக எண்கள். இதையெல்லாம் சொன்னால் நானே தூங்கிவிடுவேன். அதனால் அமெரிக்காவில் 1964 முதல் 1971 வரை ஓடிய 'மஸில் கார்'களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சினிமாவில் பார்த்திருப்பீர்கள்: நீளமான பானெட், இடி மாதிரி சத்தம், பின் டயரில் புகை.

மஸில் கார் என்பதன் சமையல் குறிப்பு ரொம்ப எளிது. நடுத்தர அளவுக் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய காருக்கென்று செய்த வி-8 என்ஜினை அதற்குள் திணியுங்கள். அவ்வளவுதான். இதை முதலில் திட்டம் போட்டுச் செய்தவர்கள் பான்டியாக் பிரிவினர். அவர்களுடைய தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி இருந்தது: நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் என்ன செய்தார்கள்? 389 கன அங்குல என்ஜினைப் புதுக் கார் மாடலாகக் காட்டவில்லை. டெம்பெஸ்ட் காருக்கு 'வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்' என்கிற கூடுதல் பேக்கேஜாகக் காட்டினார்கள். விதி கார் மாடலுக்குத்தானே, பேக்கேஜுக்கு இல்லையே! அதுதான் 1964 ஜி.டி.ஓ. 5,000 விற்றால் போதும் என்று நினைத்தார்கள், அந்த வருடமே 32,450 விற்றது. அதற்குப் பிறகு விதியைப் பற்றி யார் பேசுவார்கள்?

என்ஜினியர்களின் மூளைக்கு ஜி.டி.ஓ. உதாரணம் என்றால், அவர்களுடைய கைவேலைக்கு உதாரணம் கிரைஸ்லரின் 426 ஹெமி. 426 கன அங்குலம் என்றால் நம் கணக்கில் 7 லிட்டர். போர் 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். செகண்ட் இயர் பசங்க யாராவது இருந்தால் எட்டு சிலிண்டருக்குப் பெருக்கிப் பார்க்கலாம், சரியாக வரும்.

வெறும் கொள்ளளவு இருந்தால் திறன் வந்துவிடாது. அத்தனை பெரிய சிலிண்டருக்குள் காற்று போக வேண்டும், எரிந்த புகை வெளியே வர வேண்டும். என்ஜின் என்பது ஒரு காற்றுப் பம்பு என்று நம் ஐ.சி. என்ஜின் வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சாதாரண ஹெட்டில் வால்வுகள் இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒன்றைப் பெரிதாக்கினால் இன்னொன்றுக்கு இடம் போய்விடும். ஹெமியில் எரியறையின் கூரை அரைக்கோளம். கவிழ்த்த தேங்காய் மூடி மாதிரி. அந்தக் கூரையின் ஒரு சரிவில் இன்டேக் வால்வு, எதிர்ச் சரிவில் எக்ஸாஸ்ட் வால்வு. இடம் தாராளம். இன்டேக் வால்வின் விட்டம் மட்டும் 57 மில்லிமீட்டர், நம் வீட்டு காபி டம்ளரின் வாய் அளவு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும், வளைந்து திரும்ப வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக் கூரையின் நடுப்பக்கமாக, வால்வு மூடியைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் வழியாக இறங்கும்.

சும்மா கிடைக்குமா இது? வால்வுகள் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு ராக்கர் ஷாஃப்ட். ஹெட் அகலம், எடை, செலவு எல்லாம் கூடுதல். அந்த ஊர்க்காரர்கள் அந்த என்ஜினுக்கு வைத்த பட்டப்பெயர் 'யானை'.

ஹெமி பிறந்தது ரோட்டுக்காக அல்ல, 1964 பிப்ரவரியில் நடந்த டேடோனா 500 பந்தயத்துக்காக. போட்டி நெருங்கும் நேரத்தில் டெஸ்ட் பெட்டில் சிலிண்டர் சுவர் விரிசல் விட்டது. சுவரைத் தடிப்பாக்கி பிளாக்கை மறுபடி வார்த்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும், வீட்டுக்காரம்மா முகமே மறந்துபோயிருக்கும். பலன்? ஹெமி வைத்த பிளிமத் கார்கள் முதல் மூன்று இடங்களையும் அள்ளின. முதலில் வந்தவர் ரிச்சர்ட் பெட்டி.

கைதட்டலோடு இதை நிறுத்திவிட எனக்கு மனசு வரவில்லை. அந்த 1964 சீசனிலேயே அந்தப் பந்தய உலகம் ஜோ வெதர்லி, ஃபயர்பால் ராபர்ட்ஸ், ஜிம்மி பார்டூ என்று பெயர் பெற்ற ஓட்டுநர்களை இழந்தது. பார்டூ டேடோனாவில் அந்த முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தவர். ஏழு மாதம் கழித்து ஒரு டயர் சோதனையில் இறந்தார். என்ஜின் வேகமாக வளர்ந்துவிட்டது. டயரும் பெட்ரோல் டாங்கும் தடுப்புச் சுவரும் அதே வேகத்தில் வளரவில்லை. 'கடையில் கிடைக்காத என்ஜின்' என்று 1965-ல் ஹெமிக்குத் தடை வந்தது. பெட்டி கால் மைல் டிராக் பந்தயத்துக்குப் போனார். அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய கார் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஒரு சிறுவன் இறந்துபோனான்.

கடையில் கிடைக்க வேண்டும் என்றால் கொடுத்துவிடுகிறோம் என்று 1966-ல் கிரைஸ்லர் 'ஸ்ட்ரீட் ஹெமி'யை விற்பனைக்கு விட்டது. இரண்டு நான்கு-பேரல் கார்பரேட்டர், அழுத்த விகிதம் 10.25, விளம்பரத்தில் 425 குதிரைத் திறன். கால் மைலை 13, 14 விநாடியில் கடக்கும். மைலேஜ் கேட்காதீங்க, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். அடக்கி ஓட்டினால் பிளக் கருத்துப்போகும். என் அபிப்பிராயத்தில் தினசரி ஆபீஸ் போக அது லாயக்கில்லாத என்ஜின். வாங்கியவர்களும் குறைவுதான். அந்தக் குறைவுதான் பின்னால் விலையாக மாறியது: 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் மொத்தம் 11 கார்தான் செய்தார்கள். அதில் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஹெமி அல்ல, செவர்லே கமாரோ இசட்/28-ன் 302. பந்தய விதி 5 லிட்டருக்கு மேல் கூடாது என்றது. அவர்கள் 327 என்ஜினின் 4 அங்குல போர் உள்ள பிளாக்கை எடுத்து, 283 என்ஜினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கை அதில் போட்டார்கள். ஸ்டோரில் இருந்த சாமான்களை வைத்தே உயர் சுழற்சிக்குப் பேர்போன ஒரு என்ஜின்! நம் ஊர் மெக்கானிக் பார்த்தால் சபாஷ் போடுவார்.

இப்போது அந்த 425 என்ற எண்ணுக்கு வருவோம். நம் தெர்மல் லேபில் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினில் கயிற்றுப் பிரேக் மாட்டி, ஸ்பிரிங் பேலன்ஸைப் பார்த்து, டிரம்மில் தண்ணீர் ஊற்றி பிரேக் ஹார்ஸ் பவர் கண்டுபிடித்தோமே, எண் என்றால் அது. அமெரிக்காவில் அன்றைக்கு விளம்பரத்தில் போட்டது 'கிராஸ்' அளவு. ஏர் கிளீனர் கிடையாது, ஃபேன் கிடையாது, ஆல்டர்னேட்டருக்குச் சுமை கிடையாது, சைலன்சருக்குப் பதிலாகத் திறந்த குழாய். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது எடுத்த போட்டோ மாதிரி. காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தால் அது 'நெட்'. 1971-ல் சில கம்பெனிகள் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டன. அதே ஹெமி கிராஸில் 425, நெட்டில் 350. கார்வெட்டின் எல்.டி-1 என்ஜின் 330, நெட்டில் 275. ஒரு நட்டுகூடக் கழற்றாமல் ஐந்தில், ஆறில் ஒரு பங்குக் குதிரைகள் ஓடிப்போயின. 1972 முதல் நெட் அளவே வழக்கமாகிவிட்டது. 'அமெரிக்கன் என்ஜின் ஒரே வருடத்தில் செத்துப்போச்சு' என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், சில எண்கள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டவை. இசட்/28-க்கு 290 என்று போட்டார்கள், யாரும் நம்பவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதிக திறன் உள்ள கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. டிராக் பந்தயத்தில் எந்த வகுப்பில் ஓடலாம் என்பதையும் காரின் எடையையும் விளம்பரத் திறனையும் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஆக ஒரு பிரசுரத்தில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல், இரண்டுக்கும் ஒரே அலகு. என் கீழே வேலை பார்க்கும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதனால்தான்: "எண் சரி தம்பி, என்ன மாட்டி அளந்தே?"

அடுத்து நான் சொல்லப்போவது எந்தப் பிரசுரத்திலும் இல்லாத ஒரு எண். அழுத்த விகிதம் ஏற ஏற ஆட்டோ சுழற்சியின் பயன்திறன் ஏறும். ஆனால் பெட்ரோல் தானாக வெடித்து 'நாக்கிங்' வரும். செவர்லே 1970-ல் விட்ட 454 எல்.எஸ்-6 என்ஜினில் விகிதம் 11.25. அதைத் தாங்கிய பெட்ரோலில் இருந்தது டெட்ராஎதில் லெட், அதாவது ஈயம். ஒரு காலனுக்கு 2 கிராமுக்கு மேல். 1970-ஐ ஒட்டி அமெரிக்கா மட்டும் வருடத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் ஈயத்தை எக்ஸாஸ்ட் வழியாக ஊதிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் நம்மைப் போல ஒரு மெக்கானிக்கல் என்ஜினியர், தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடம், 1921. ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஈயத்தைத்தான் விற்றார்கள். 1924-ல் நியூஜெர்சி ஆலை ஒன்றில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். மிட்ஜ்லி நிருபர்களுக்கு முன்னால் அதை ஊற்றிக் கை கழுவிக் காட்டினார். அதற்கு முந்தைய வருடம் அவரே ஈய நஞ்சுக்கு ஓய்வெடுத்தவர். பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வுக்கூடத்தில் எங்கே பார்த்தாலும் ஈயம் ஒட்டியிருப்பதைக் கண்டு திகைத்து, 1965-ல் அதை எழுதினார். ஜி.டி.ஓ. விற்றுத் தள்ளிக்கொண்டிருந்த சமயம்.

1970-ன் கடைசி நாளில் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்துப் போட்டார். புகையைக் குறைக்க கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேண்டும், ஈயம் பட்டால் அதிலுள்ள பிளாட்டினம் வீணாகிவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட் கோல், செவர்லேயின் புகழ்பெற்ற சின்ன வி-8 என்ஜினை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், 1971 மாடல்களின் அழுத்த விகிதத்தைக் குறைக்கச் சொன்னார். ஈயத்தைக் கொண்டுவந்த அதே கம்பெனி! ரசிகர்கள் இன்றுவரை அவரைத் திட்டுகிறார்கள். நான் அவர் பக்கம்.

அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 1976-80-ல் அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராம். 1988-91-ல் 2.8. இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லா பெட்ரோல் வந்தது, நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். நம்ம செட் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் ஓரம் நின்று ஆட்டோப் புகையில் கொய்யாப்பழம் தின்றோமே, அந்த எண் நமக்கு எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை.

ஒரு கொசுறுச் செய்தி. டாட்ஜ் கம்பெனி 2023-ல் விட்ட சேலஞ்சர் டீமன் 170 காரில் 6.2 லிட்டர் ஹெமி, சூப்பர்சார்ஜருடன், 1025 குதிரைத் திறன். கன்வர்ட்டர் உண்டு, ஈயம் கிடையாது. அந்த 1025 வருவது 85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளில். 1921-லேயே தெரிந்திருந்த அதே ஆல்கஹால்தான்.

செயலாளர் அண்ணன் வாட்சைக் காட்டுகிறார், சாப்பாட்டுப் பந்தியும் தயார் என்று சொல்கிறார்கள். கேள்வி இருப்பவர்கள் இலையில் உட்காரும்போது என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.